தூள் பூச்சு (பவுடர் கோட்டிங்)

"ரிம்முக்கு பெயின்ட் அடிக்கிறதா, பவுடர் கோட்டிங் போடுறதா?" ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உரிந்துபோன அலோய் ரிம்மைக் கராஜுக்குக் கொண்டுபோனால் இந்தக் கேள்வி வரும். முதலாவது, தூரிகையாலோ ஸ்ப்ரேயாலோ ஈரமாக அடிப்பது. இரண்டாவதில் ஈரமே இல்லை.

பவுடர் என்பதன் வேர் இலத்தீனில் 'புல்விஸ்', அதாவது தூசு. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. 'கோட்' என்பதும் பழைய பிரெஞ்சு வழியாக வந்த, மேலங்கியைக் குறிக்கும் சொல். தொழில்நுட்பமாக இது 1950களில் ஜெர்மனியில் தொடங்கியது. எர்வின் கெம்மர் என்பவர் காற்றூதி மிதக்கவிட்ட பிளாஸ்டிக் தூளுக்குள் சூடான உலோகத்தை முக்கி எடுத்தார். மின்னேற்றிய தூளைத் துப்பாக்கியால் விசிறும் முறை அதற்குப் பிறகுதான் பரவியது.

இன்றைய வேலை இப்படி நடக்கிறது. டயரையும் வால்வையும் கழற்றி, பழைய பூச்சை முழுதாக உரித்து, மணல் போன்ற துகளை வீசிச் சுத்தம் செய்வார்கள். பிறகு ரிம்மைப் புவித்தொடுப்பு (எர்த்) செய்து தொங்கவிட்டு மின்னேற்றிய தூளை விசிறுவார்கள். மாவு ஒட்டியதுபோல வெள்ளையாகவோ கறுப்பாகவோ ரிம் நிற்கும். அந்த நேரத்தில் விரல் பட்டாலே அழியும். போறணைக்குள் 180 முதல் 200 பாகை செல்சியஸ் வரை சூடேற்றும்போதுதான் தூள் உருகி, பரவி, இறுகிப் படலமாகிறது.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? 'தீந்தை' இலங்கையில் பழகிய சொல். போர்த்துக்கேய 'தின்தா'விலிருந்து வந்தது, சிங்களத்திலும் 'தீந்த'தான். ஆனால் அது ஈரமான பெயின்டுக்கு உரியது. 'தூள் தீந்தை' என்றால் கரைத்து அடிப்பதாக நினைத்துவிடுவார்கள். 'பொடிப்பூச்சு' பிழையில்லை. எனக்குப் பிடித்தது 'தூள் பூச்சு'. பூசுதல் என்றால் குழைத்துத் தடவுவது மட்டும்தானா என்று சிலர் கேட்கலாம். திருநீற்றையும் முகப்பவுடரையும் பூசுகிறோமே! உலர்ந்ததற்கும் அந்த வினை தமிழில் எப்போதோ இடம் கொடுத்துவிட்டது. மலையகத்தில் தூள் என்றவுடன் தேயிலைத் தூள்தான் நினைவுக்கு வரும். அது கிடக்கட்டும்.

சரி, எதை எடுப்பது? மலைப்பாதையில் தினமும் ஓடும் வானுக்கு நான் தூள் பூச்சையே சொல்வேன். றம்பொடையிலும் கடுகண்ணாவையிலும் இறங்கும்போது பிரேக் பேடின் சூடான தூசு ரிம்மில் படிகிறது. சரளைக் கல் தெறிக்கிறது. தடித்த, சுட்டு இறுகிய படலம் இவற்றுக்கு நன்றாகவே ஈடுகொடுக்கும். இன்னொரு காரணம் மூடுபனி. நுவரெலியாவில் ஈரம் நிறைந்த காலையில் லெக்கர் (வேகமாக உலரும் பளபளப்புப் பெயின்ட்) அடித்தால் சில வேளை பால்போல வெளிறிப்போகும். போறணையில் இறுகும் பூச்சுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் பள்ளத்தை நிரப்பும் புட்டி வைத்து ஒப்பேற்றிய ரிம் அந்தச் சூட்டைத் தாங்காது. அதற்கு பெயின்ட்தான். சின்னச் சிராய்ப்பு வந்தால் பெயின்டை வீட்டிலேயே தொட்டுச் சரிசெய்யலாம். தூள் பூச்சு என்றால் பெரும்பாலும் உரித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெடித்த ரிம்முக்கு இரண்டுமே வேண்டாம், மாற்றிவிடுங்கள். பூச்சு வெடிப்பை மறைக்குமே தவிர அதை ஒட்டவைக்காது.

தூள் பூச்சுக் கொடுக்கும்போது வேலை செய்யும் பாஸிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். நட் உட்காரும் இடத்தை மறைத்துவிட்டுத்தான் தூள் விசிறுகிறாரா? அங்கே பூச்சு தடித்தால் முறுக்கிய நட் பிறகு தளரும். அப்புறம், போறணையின் சூட்டை அளக்கிறாரா? அளவு மீறி நெடுநேரம் சுட்டால் அலுமினியத்தின் உறுதியே குறையும்.