மானசரோவர் யாத்திரை: தலைவலியை மறைக்காதீர்கள்

ஏப்ரல், மே வந்துவிட்டால் திருச்சியில் என் கிளினிக்குக்குக் கயிலாய யாத்திரை போகிறவர்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். கையில் ஒரு ஃபைல், அதில் ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் வரிசையாக இருக்கும், கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்துக்கு ஒரு ஃபிட்னஸ் படிவம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நான் கேட்பது இதைத்தான்: பயணத் திட்டத்தை எடுங்கள், எந்த ராத்திரி எந்த ஊரில் படுக்கப் போகிறீர்கள், அந்த ஊர் எத்தனை மீட்டர் உயரம்? பெரும்பாலானவர்களுக்குப் பதில் தெரியாது. ஹோட்டல் பெயர் தெரியும், எந்த வேளை என்ன சாப்பாடு என்றுகூடத் தெரியும், உயரம் மட்டும் தெரியாது. ஆனால் அங்கே ஆளைச் சாய்ப்பது அதுதான். இதயம் நன்றாக இருப்பவருக்கும், தினமும் காலையில் வேகநடை போகிறவருக்கும், மாரத்தான் ஓடும் முப்பது வயதுப் பையனுக்கும், உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் உண்டாகும் உயரநோய் வரும். உடல் வலுவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால் வலு இருக்கிறது என்று முன்னால் ஓடுகிறவர்தான் முதலில் படுக்கிறார்.

விஷயம் சிக்கலானது இல்லை. மானசரோவர் ஏரி சுமார் 4,590 மீட்டரில் இருக்கிறது. அங்கே நீங்கள் இழுக்கும் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் அறுபது சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. கயிலையைச் சுற்றும் 52 கிலோமீட்டர் பரிக்ரமாவில், இரண்டாம் நாள் கடக்க வேண்டிய டோல்மா லா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேல், அங்கே பாதிதான். இவ்வளவு குறைந்த காற்றிலும் மனித உடம்பு வாழப் பழகிக்கொள்ளும், மூச்சைக் கூட்டும், சிறுநீரகம் ரத்தத்தின் உப்பைச் சரிசெய்யும், ஆனால் அதற்கு நாள் வேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் ஓய்வு எடுக்க வேண்டும் என்பதுதான் மலை மருத்துவர்கள் உலகம் முழுக்கச் சொல்லும் அளவு.

இப்போது இந்த அளவை வைத்துக்கொண்டு காட்மாண்டு வழித் திட்டத்தைப் பாருங்கள். காட்மாண்டு 1,400 மீட்டர். அங்கிருந்து ரசுவாகடியில் நேபாள எல்லை தாண்டி திபெத்தின் கெருங், சுமார் 2,800. அடுத்த இரவு சாகா, சுமார் 4,500. ஒரே பகலில் வண்டியில் உட்கார்ந்தபடியே 1,700 மீட்டர்! மறுநாள் மானசரோவர். கெருங்கில் இரண்டு இரவு தங்க வைக்கும் ஏற்பாட்டாளர்கள் இருக்கிறார்கள், அது நல்லது, ஆனாலும் அதற்கப்புறம் வரும் தாவல் தாவல்தான். ஹெலிகாப்டர் வழி இன்னும் வேகம்: நேபாள்கஞ்ச் என்ற சமவெளி ஊரிலிருந்து சிமிகோட் 2,900, பிறகு ஹில்சா 3,600, எல்லை தாண்டி தக்லாகோட். வயதானவர்களுக்கு இதுதான் சௌகரியம் என்று சொல்லி விற்கிறார்கள். முட்டிக்குச் சௌகரியம், உண்மை. நுரையீரலுக்கும் மூளைக்கும் இல்லை. இந்திய அரசு நடத்தும் லிபுலேக், நாதுலா கணவாய் வழி யாத்திரைகளில் டெல்லியில் கடுமையான மருத்துவப் பரிசோதனை உண்டு, உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ 25-க்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள், வழியில் பழகுவதற்கென்றே நாட்கள் ஒதுக்கியிருப்பார்கள், லிபுலேக் வழியில் குஞ்சியில் மறுபடி சோதனை செய்து தேறாதவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தக் கண்டிப்பைக் கொடுமை என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு.

ஒரு ஏற்பாட்டாளரிடம் சாகாவுக்கு முன்னால் ஓர் இரவு கூட்டச் சொல்லி நானே பேசியிருக்கிறேன். "டாக்டர், ஒரு நாள் கூட்டினால் தலைக்கு ரேட் ஏறும், ஆள் வேறு கம்பெனிக்குப் போயிடுவாங்க" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. விலையை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து நாம் பதிவு செய்யும் வரை அவர்கள் நாளைத்தான் வெட்டுவார்கள். ஆகவே விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் இரவுகளின் உயரத்தையும் எழுதிவைத்து ஒப்பிடுங்கள்.

சரி, நோய் எப்படி ஆரம்பிக்கிறது? புதிய உயரத்துக்குப் போய்ச் சில மணி நேரத்தில் தலைவலி. கூடவே குமட்டல், பசியின்மை, அசதி, தலைசுற்றல், தூக்கமின்மை. இதில் எதுவுமே பயமுறுத்தும் அறிகுறி இல்லை, அதுதான் தொல்லை. "பித்தம் டாக்டர்", "பஸ்ஸில் வளைஞ்சு வளைஞ்சு வந்தது ஒத்துக்கலை", "அந்த ஊர் எண்ணெய் சேரலை", "வெயில் பட்டுடுச்சு" என்று நம்மாட்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்கள். உயரமான இடத்தில் புதிதாகத் தலைவலி வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அது உயரநோய்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் செய்ய வேண்டியது, அதே உயரத்தில் நிற்பது. மேலே போகக் கூடாது. ஓய்வு, தண்ணீர், ஒரு பாரசிட்டமால். ஓரிரு நாளில் பெரும்பாலானவர்களுக்குத் தெளிந்துவிடும். தெளியாமல் கூடினால் இறங்க வேண்டும்.

ஆனால் யாரும் சொல்வதில்லை. பல லட்சம் செலவு, ஆயுளில் ஒரு தடவை, ஊரே வழியனுப்பி வைத்திருக்கிறது, சொன்னால் விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம். இந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதைப் புரிந்துகொள்ளாமல் அறிவுரை சொல்லிப் பயனில்லை.

ஒரு குழுவோடு மருத்துவராகப் போயிருந்தபோது நடந்தது, ஆள் அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். பரிக்ரமாவின் முதல் இரவு திராபுக்கில், 5,000 மீட்டரை ஒட்டிய இடம், கயிலையின் வடக்கு முகம் எதிரே நிற்கும். ராத்திரி எட்டு மணிக்கு ஓர் அம்மா என் அறைக் கதவைத் தட்டி, "இவர் ஒரு மாதிரி இருக்கார், கொஞ்சம் வாங்க" என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர் கணவர். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஷூ லேஸை முடிந்துகொண்டிருந்தார். வளையம் போடுவார், விரலிலிருந்து நழுவும், மறுபடி போடுவார். படுக்கப் போகிற நேரத்தில் ஏன் ஷூ என்று கேட்டதற்கு, "பஸ் வந்துடும்ல" என்றார். எழுப்பி நிறுத்தி, தரைப்பலகையின் கோட்டைக் காட்டி, ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியிலேயே பக்கவாட்டில் சாய்ந்து சுவரைப் பிடித்தார். மூளை வீங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, அந்த ராத்திரியே வண்டி பிடித்து, பரிக்ரமா தொடங்கும் ஊரான தார்ச்செனுக்கு இறக்கி, அங்கிருந்து நேராக தக்லாகோட். பிழைத்துவிட்டார். வண்டியில் போகும்போதுதான் அந்த அம்மா சொன்னார்: சாகாவிலேயே தலைவலி ஆரம்பித்துவிட்டது, டாக்டரிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டார்.

அந்தக் கோட்டு நடையை எல்லோரும் கற்றுக்கொள்ளலாம். கருவி வேண்டாம், படிப்பு வேண்டாம். நேர்க்கோட்டில் குதிகால்-விரல் ஒட்டி நடக்க முடியாதவர், சம்பந்தமில்லாமல் பேசுகிறவர், வழக்கத்துக்கு மாறாக எரிந்து விழுகிறவர் அல்லது ஒரேயடியாக ஒதுங்கிப் படுத்துக்கிடப்பவர், இவர்களை "அசதி, தூங்கட்டும்" என்று விடக் கூடாது. விடிந்து பார்க்கும்போது எழுப்ப முடியாமல் போகலாம்.

இன்னொன்று நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. உயரநோயில் உயிரைப் பறிப்பதில் இதுதான் முதலிடம். பொதுவாகப் புது உயரத்தில் இரண்டாம் இரவிலிருந்து நான்காம் இரவுக்குள் வரும், தலைவலி இல்லாமலேயும் வரும். ஏறும்போது மூச்சு வாங்குவது இயல்பு; உட்கார்ந்த பிறகும், படுத்த பிறகும் மூச்சு அடங்கவில்லை என்றால் இயல்பில்லை. வறட்டு இருமல், உதடு நீலம் பாய்தல், நெஞ்சில் களகளவென்ற சத்தம், பிறகு நுரைநுரையாகச் சளி. சளிக்காய்ச்சல் என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் போட்டுப் படுக்க வைத்துவிடுகிறார்கள். இதற்கும் மருந்து இறக்கம்தான், உடனே, ஆளை நடக்கவிடாமல்.

இங்கேதான் மானசரோவரின் பெரிய ஆபத்து இருக்கிறது. திபெத் ஒரு பீடபூமி. மற்ற மலைகளில் இறங்கு என்றால் இறங்கலாம். நேபாளத்தின் கோசைன்குண்ட ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள், 4,380 மீட்டர், ஆலகால விஷம் உண்ட சிவன் தாகம் தீரத் திரிசூலத்தால் குத்தி வரவழைத்த நீர் என்பது ஐதீகம். நம் ஆவணி அவிட்டம் வரும் பௌர்ணமியில் அங்கே ஜனை பூர்ணிமா திருவிழா, ஆயிரக்கணக்கில் ஏறுவார்கள். சுமார் 2,000 மீட்டரில் இருக்கும் துன்சேயிலிருந்து இரண்டே நாளில் ஏறி, விரதமும் இருந்து, பனிநீரில் முழுக்கும் போடுவார்கள். 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், அங்கே பரிசோதித்த யாத்ரீகர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு உயரநோய் இருந்தது. ஆனால் அங்கே விழாக் காலத்தில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் என்ற அமைப்பு மருத்துவ முகாம் போடுகிறது, நோயாளியை முதுகில் சுமந்தாவது சில மணி நேரத்தில் 3,300 மீட்டர் சந்தன்பாரிக்குக் கொண்டுவந்துவிடலாம். உத்தராகண்டில் உள்ள சீக்கியத் தலமான ஹேம்குண்ட் சாகிப்பிலும் ஏரியிலிருந்து கீழே உள்ள காங்கரியாவுக்கு அன்றே இறங்கிவிடுகிறார்கள், இரவு மேலே தங்க விடுவதில்லை. மானசரோவரில் அப்படி எங்கே இறங்குவது? தார்ச்செனும் 4,600-ஐ ஒட்டித்தான். கிழக்கே வந்த வழியில் திரும்பினால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு 4,500-க்குக் குறையாது, சில கணவாய்கள் 5,000-ஐத் தாண்டும். தக்லாகோட் சுமார் 3,900, அதுவே பக்கத்தில் இருக்கும் தாழ்வான இடம். டோல்மா லா ஏற்றத்தில் வண்டி கிடையாது. நேபாளப் பக்கம் ஹெலிகாப்டர் உண்டு, ஆனால் வானம் திறக்க வேண்டும். 2018 ஜூலையில் மழை மேகத்தால் சிமிகோட், ஹில்சா பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய யாத்ரீகர்கள் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள்.

அதனால் பணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: குழுவோடு எத்தனை பெரிய ஆக்சிஜன் சிலிண்டர் வரும், ஆளை உள்ளே படுக்கவைத்துக் காற்றழுத்தம் கூட்டும் கேமோ பை இருக்கிறதா, அதை இயக்கத் தெரிந்தவர் யார், ஒருவர் விழுந்தால் அவரோடு திரும்பப் போகும் ஆள் யார், வண்டி எது. கடையில் விற்கும் குட்டி ஸ்பிரே ஆக்சிஜன் கேன் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும், அதை நம்பி ஏறாதீர்கள். விரல் ஆக்சிமீட்டரையும் தெய்வமாக்காதீர்கள். அந்த உயரத்தில் 80, 85 என்று காட்டுவது சகஜம், விரல் குளிர்ந்திருந்தால் தப்பாகவும் காட்டும். எண் நன்றாக இருந்து ஆள் தடுமாறினால், ஆளை நம்புங்கள்.

கற்பூரம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கைக்குட்டையில் சூடத்தை முடிந்து முகர்ந்துகொண்டே ஏறினால் மூச்சு முட்டாது என்று வாட்ஸப்பில் சுற்றுகிறது. மூக்கு ஜில்லென்று இருக்கும், அவ்வளவுதான், ரத்தத்தில் ஆக்சிஜன் கூடாது. வாயில் போட்டுக்கொள்ளவும் சிலர் சொல்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், உள்ளே போனால் வலிப்பு வரும். தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரை போடுவதும் ஆபத்து, இரவில் மூச்சை அடக்கிவிடும். விரதத்தை ஊரில் முடித்துவிட்டு வாருங்கள், அங்கே வேளாவேளைக்குக் கஞ்சியாவது சாப்பிட வேண்டும். ஏரி நீரில் முழுகினாலும் வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டாலும் வெயில் ஏறியபின், ஒரு நிமிடம், உடனே துவட்டிக் கம்பளி. தலையில் தெளித்துக்கொண்டாலும் தீர்த்தம் தீர்த்தம்தான்.

டயமாக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் அசிட்டசோலமைட் உதவும். இவ்வளவு வேகமான திட்டங்களில் போகிறவர்களுக்கு நான் பெரும்பாலும் எழுதிக்கொடுக்கிறேன், வழக்கமாக 125 மில்லிகிராம் காலை, மாலை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல் நுனி மரத்துச் சுருக்சுருக்கென்று இருக்கும், சிறுநீர் அதிகம் போகும், பயப்பட வேண்டாம். சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் கேட்காமல் தொடக் கூடாது. அது பழகுவதைத் துரிதப்படுத்துமே தவிர, நாளுக்கு ஈடாகாது; மாத்திரை போட்டும் தலைவலி வந்தால் நிற்க வேண்டும்தான்.

பாதியில் திரும்பி வந்தவர்கள் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள், கொடுப்பினை இல்லை என்று. அவர்களிடம் நான் அப்பரைச் சொல்வேன். உடம்பு தேய உருண்டும் ஊர்ந்தும் கயிலைக்குப் போன அவரைத் திரும்பிப் போகச் சொன்னது சாட்சாத் சிவன்தான். அங்கே ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்லி, திருவையாற்றில் எழவைத்து, காவிரிக்கரையிலேயே கயிலைக் காட்சி கொடுத்தார். ஆடி அமாவாசையில் ஐயாறப்பர் கோயிலில் அதைத்தான் கொண்டாடுகிறோம். அப்பருக்குக் குறையாகாத திரும்புதல் நமக்கு எப்படிக் குறையாகும்?

கடைசியாக, பிளட் பிரஷர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் டாக்டரைப் பாருங்கள். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரைகள் சாப்பாடு குறைந்து வாந்தியும் சேரும்போது ரத்தத்தை அமிலமாக்கிவிடும், சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே. இன்சுலினை உறையவிடக் கூடாது, சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும், குளிரில் குளுக்கோமீட்டரும் தப்புக் காட்டும். ஸ்டென்ட் வைத்து அதிக நாள் ஆகாதவர்கள், ஆஸ்துமா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், எல்லோருக்கும் தனித்தனியே பேச வேண்டியிருக்கிறது. வரும்போது மாத்திரைப் பட்டைகளையும் இரவுவாரியான பயணத் திட்டத்தையும் கொண்டுவாருங்கள். உங்களோடு அறையில் தங்கப்போகிறவரையும் அழைத்துவாருங்கள், அந்தக் கோட்டு நடையை அவருக்குத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும்.