நுங்குத் தோலின் துவர்ப்பு வயிற்றுக்குள் போய் என்ன செய்கிறது?

கோடை வந்துவிட்டால் ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகிற வழியில், உச்சிப்புளி பக்கமெல்லாம் சாலையோரம் நுங்கு வெட்டிக்கொண்டிருப்பார்கள். தோலை உரித்துவிட்டுச் சுளையை மட்டும் விழுங்குகிறவர்கள் ஒரு ரகம், தோலோடு தின்கிறவர்கள் இன்னொரு ரகம். தோலோடு தின்றால் நாக்கு வறண்டு, கன்னத்தின் உட்பக்கம் இழுத்துப் பிடிக்கும். இந்தத் துவர்ப்பு டானின் செய்கிற வேலை. எச்சிலுக்கு வழவழப்பைத் தரும் புரதங்களை அது பிடித்துத் திரளவைத்துவிடும், வாய் சொரசொரப்பாகிவிடும். நம் வறண்ட காடுகளில் தானாக வளர்ந்து கிடக்கும் ஆவாரையின் பட்டையைப் போட்டுத் தோல் பதனிட்டதும் இதே வேதியியல்தான்: தோலின் புரதத்தோடு டானின் ஒட்டிக்கொண்டால் அது லேசில் அழுகாது.

டானின், பாலிபீனால் என்கிற பெரிய குடும்பத்தில் ஒன்று. வெங்காயம், முருங்கைக்கீரை, மஞ்சள், தேயிலை, காப்பி, கேழ்வரகின் மேல்தோல் என்று எங்கும் இருக்கிற இந்தக் குடும்பத்தில் 8,000-க்கும் மேற்பட்ட வகைகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். செடி இவற்றை நமக்காகச் செய்வதில்லை. பூச்சியும் பூஞ்சையும் வெயிலும் தன்னைத் தாக்காமலிருக்கச் செய்துகொள்கிறது.

பிடித்துக்கொள்ளும் குணம் வாயோடு நிற்பதில்லை. சாப்பாட்டோடு டீ குடித்தால் அதிலுள்ள பாலிபீனால் கீரை, பருப்பு, தானியங்களின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். உடம்பில் சேரும் இரும்பு பாதிக்கும் கீழே போய்விடலாம். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கும்போது இது சின்ன விஷயமில்லை. டீயை விட வேண்டாம், சாப்பிட்டு ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். கீரையில் எலுமிச்சை பிழிந்தாலும் இரும்பு நன்றாகச் சேரும். சூரை மாதிரி மீனின் இரும்பு வேறு வடிவத்தில் இருப்பதால் டீ அதை அவ்வளவாகத் தொடாது, அப்புறம் மீன் கூட இருந்தால் கீரையின் இரும்பும் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போகும். கடற்கரைக்காரர்களுக்கு அந்த வகையில் யோகம்தான்.

சரி, பாலிபீனால் ஆன்டிஆக்ஸிடன்ட் ஆச்சே, ரத்தத்தில் சுற்றிவந்து கெட்டதையெல்லாம் துடைத்துப் போடுமாமே? சோதனைக்குழாயில் செய்யும். உடம்புக்குள் அப்படி நடப்பதாகக் காட்ட முடியவில்லை என்றுதான், உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை எண்ணாகப் போட்டிருந்த பட்டியலை அமெரிக்க வேளாண் துறை 2012-ல் இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. நாம் தின்கிற பாலிபீனாலில் சிறுகுடல் உறிஞ்சுவது 5 முதல் 10 சதவீதம்தான். அதையும் உடம்பு ஏதோ மருந்து உள்ளே வந்துவிட்டதுபோல நடத்துகிறது: குடலும் கல்லீரலும் சல்ஃபேட், குளுக்குரோனிக் அமிலம் என்று ஒட்டவைத்துச் சில மணி நேரத்தில் சிறுநீரில் அனுப்பிவிடும்.

மிளகிலுள்ள பைப்பரின் இந்த வெளியேற்றத்தைக் கொஞ்சம் தடுக்கும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்து 1998-ல் வெளியான ஆய்வில், மஞ்சளின் பாலிபீனாலான குர்குமின் 2 கிராமோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் குர்குமின் 20 மடங்கு கூடியது. நம் ரசத்தில் மஞ்சளும் மிளகும் சேர்ந்தே கிடக்கின்றன, சந்தோஷம். ஆனால் மஞ்சள்தூளில் குர்குமின் 3 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். அந்த 2 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் தூள் கொட்ட வேண்டும், ரசத்தை யார் குடிப்பது?

மீதி 90 சதவீதம் பெருங்குடலுக்குப் போகிறது. நிஜமான சங்கதி அங்கேதான். அங்குள்ள நுண்ணுயிர்கள் இந்தப் பெரிய மூலக்கூறுகளைக் கடித்துக் குதறிச் சின்னத் துண்டுகளாக்குகின்றன, அந்தத் துண்டுகள் ரத்தத்தில் சேர்கின்றன. மாதுளையின் டானினிலிருந்து யூரோலித்தின் என்கிற துண்டு வருவது இப்படித்தான், அதற்கான நுண்ணுயிர் எல்லோர் குடலிலும் இருப்பதில்லை என்பதால் ஒரே பழத்தைப் பகிர்ந்து தின்ற இரண்டு பேருக்குக் கிடைப்பது ஒன்றாக இருக்காது. இந்தத் துண்டுகளும், முன்பே உறிஞ்சப்பட்ட கொஞ்சமும், ரத்தக்குழாயின் உட்சுவரை நைட்ரிக் ஆக்ஸைடு சுரக்கத் தூண்டி அதை இளகவைக்கின்றன, செல்களின் சொந்தப் பாதுகாப்பு என்சைம்களையும் தட்டி எழுப்புகின்றன.

இதனால் ஆயுள் கூடுமா? அமெரிக்காவில் 21,000-க்கும் அதிகமானவர்களுக்குத் தினமும் 500 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால் (கோகோவிலுள்ள பாலிபீனால்) அல்லது வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் வந்த முடிவில், மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட மொத்த இதய, ரத்தக்குழாய் பாதிப்புகள் தெளிவாகக் குறையவில்லை. அவற்றால் நேர்ந்த சாவு மட்டும் 27 சதவீதம் குறைந்தது. நம்பிக்கை தருகிறது, ஆனால் ஆய்வின் முதல் கேள்வி அதுவல்ல.

மாத்திரை விஷயத்தில் நான் ஒதுங்கியே இருப்பேன். கிரீன் டீ சாற்றை மாத்திரையாக விழுங்கி, அதிலுள்ள ஈஜிசிஜி என்கிற பாலிபீனால் ஒரு நாளில் 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொல்லியிருக்கிறது. கல்லீரலில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்கள், வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றை வாங்க வேண்டாம்.