பிளஸ் ஒன் அறிவியல் குரூப்: எதை எடுத்தால் எந்த வழி அடைபடும்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பள்ளி அலுவலக வாசலில் கேட்கும் கேள்வி இது: "450-க்கு மேல எடுத்திருக்கா சார், ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்குமா?" மார்க்கைப் பார்த்தால் கிடைக்கும்தான். ஆனால் 'ஃபர்ஸ்ட் குரூப்' என்றால் ஒரு பள்ளியில் உயிரியலோடு கணிதம், இன்னொரு பள்ளியில் கணினி அறிவியலோடு கணிதம். பெயரை நம்பி விண்ணப்பம் எழுதாதீர்கள். நான்கு முதன்மைப் பாடங்கள் எவை என்று கேட்டு, விண்ணப்பத்தின் நகலில் அவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலை மாணவருக்கு ஆறு பாடங்கள், மொத்தம் 600 மதிப்பெண். ஒரு மொழிப்பாடம், ஆங்கிலம், மற்ற நான்கும் குரூப்பைப் பொறுத்தவை. அறிவியல் குரூப்புகள் பெரும்பாலானவற்றில் இயற்பியலும் வேதியியலும் பொது. எனவே உண்மையில் நாம் தேர்ந்தெடுப்பது மீதி இரண்டு பாடங்களைத்தான். கணிதமும் உயிரியலும், கணிதமும் கணினி அறிவியலும், தாவரவியலும் விலங்கியலும் (இதைத்தான் ப்யூர் சயின்ஸ் என்கிறார்கள்) என்ற மூன்றும் பரவலாக உள்ளவை. நான்காவதாக உயிரியலும் கணினி அறிவியலும் சேர்ந்த குரூப் சில பள்ளிகளில் இருக்கிறது. ஆலோசனைக்கு வருபவர்களில் அதிகம் ஏமாந்து நிற்பது இந்த நான்காவது குரூப் மாணவர்கள்தான். 'கம்ப்யூட்டர் இருக்கிறதே, இன்ஜினீயரிங் போகலாம்' என்று நினைத்து எடுத்திருப்பார்கள். கணிதம் இல்லாததால் பி.இ. கலந்தாய்வுக்கு அவர்களிடம் கட்-ஆஃப்பே இருக்காது.

கணிதத்தை விட்டால் என்னென்ன போகும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணித மதிப்பெண் 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதியாகக் குறைக்கப்பட்டு 50-50. ஒரு மாணவி கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 எடுத்தால் 92 + 42 + 44 = 178. இன்னொரு மாணவி கணிதத்தில் 80, மற்ற இரண்டிலும் தலா 96 எடுத்தால் 80 + 48 + 48 = 176. மூன்று பாடக் கூட்டுத்தொகையில் இரண்டாமவர் எட்டு மதிப்பெண் கூடுதல், தரவரிசையில் முதலாமவருக்குப் பின்னால். கட்-ஆஃப் சமமாக வந்தாலும் முதலில் கணித மதிப்பெண்ணையும், அடுத்து இயற்பியலையும் வைத்துத்தான் முன்பின் தீர்மானிக்கிறார்கள்.

இந்தக் கணக்கில் கணினி அறிவியல் மதிப்பெண்ணுக்கு இடமில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பி.இ. கணினி அறிவியல் சேர விரும்புபவர் பிளஸ் டூவில் கணினி அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை. உயிரியல்-கணிதக் குரூப் மாணவருக்கும் அதே இடம், அதே வரிசைதான். பிறகு அந்தப் பாடத்தால் என்ன பயன்? பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் மை.எஸ்.க்யூ.எல்லும் வருவதால், கல்லூரி முதல் ஆண்டு புரோகிராமிங் தாள் மிரட்டாது. உயிரியலோடு ஒப்பிட்டால் படிக்க வேண்டிய பக்கங்களும் குறைவு, மிஞ்சும் நேரம் கணிதத்துக்குப் போகும். மருத்துவம் பக்கம் போகவே மாட்டேன் என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு இது நல்ல தேர்வு.

பொறியியலோடு முடிவதில்லை. கட்டடக்கலைப் படிப்புக்கு இயற்பியலும் கணிதமும் கட்டாயம், நாட்டா போன்ற கட்டடக்கலைத் திறனறித் தேர்வும் எழுத வேண்டும். பி.எஸ்ஸி. இயற்பியலுக்கே பெரும்பாலான கல்லூரிகள் பிளஸ் டூவில் கணிதம் கேட்கின்றன. ப்யூர் சயின்ஸ் எடுத்துவிட்டு 'இயற்பியல் பிடித்திருக்கிறது, பி.எஸ்ஸி. சேரலாம்' என்று வரும் மாணவர்கள் இங்கே முட்டிக்கொள்கிறார்கள். வணிகக் கப்பல் துறைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். என்.டி.ஏ. எனும் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் ராணுவப் பிரிவுக்கு எந்தக் குரூப் படித்தவரும் விண்ணப்பிக்கலாம், கடற்படைக்கும் விமானப்படைக்கும் அப்படி இல்லை. ராணுவப் பிரிவுக்கும்கூட எழுத்துத் தேர்வின் 900 மதிப்பெண்ணில் 300 கணிதத்துக்கு.

கப்பல், விமானம் என்ற ஆசை இருந்தால் குரூப் எடுக்கும் முன்பே ஒரு கண் மருத்துவரிடம் நிறக்குருடு சோதனை செய்துவிடுங்கள். எண்கள் மறைந்திருக்கும் வண்ணப்புள்ளி அட்டைகளைக் காட்டிச் செய்யும், ஐந்து நிமிடச் சோதனை அது. ஆண் பிள்ளைகளில் இந்தக் குறைபாடு அரிதல்ல, பலருக்கு அது இருப்பதே தெரியாது. இரண்டு ஆண்டு படித்து முடித்த பிறகு மருத்துவப் பரிசோதனையில் தெரியவந்தால் எல்லாம் வீண்.

உயிரியலை விட்டால் போகும் பட்டியல் சிறியது, ஆனால் தெளிவானது: எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி, கால்நடை மருத்துவம், பி.எஸ்ஸி. நர்சிங், பிசியோதெரபி போன்றவை. இவற்றில் முதல் ஐந்துக்கும் நீட் தேவை. கால்நடை மருத்துவத்தின் மாநில இடங்களும் நர்சிங்கும் தமிழ்நாட்டில் இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்பட்டு வருகின்றன. 'டாக்டர் ஆகாவிட்டால் உயிரியல் வீண்' என்ற பேச்சு சரியல்ல என்பதற்கு இதுவே போதும். பி.ஃபார்ம். மட்டும் இரு பக்கத்தாரையும் சேர்த்துக்கொள்ளும். இயற்பியல், வேதியியலோடு கணிதமோ உயிரியலோ இருந்தால் போதும்.

ப்யூர் சயின்ஸ் பற்றி ஒரு தவறான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. கணக்கு வராத பிள்ளைக்கு அது என்கிறார்கள். அந்தக் குரூப்பிலும் இயற்பியல் அதே புத்தகம், அதே வினாத்தாள். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலின் இரண்டாம் அலகான இயக்கவியலிலேயே வெக்டர், வகைக்கெழு, தொகையீடு எல்லாம் வந்துவிடுகின்றன. கணிதப் புத்தகத்தில் வெக்டர் எட்டாம் பாடம், வகை நுண்கணிதம் ஒன்பதும் பத்தும், தொகை நுண்கணிதம் பதினொன்று. அதாவது இரண்டாம் தொகுதி. கணிதக் குரூப் மாணவருக்கே இயற்பியல் ஆசிரியர் ஜூலையில் நடத்துவதைக் கணித ஆசிரியர் பல மாதம் கழித்துத்தான் நடத்துவார். ப்யூர் சயின்ஸ் மாணவருக்கு அதை நடத்த ஆளே இல்லை. பத்தில் அறிவியலில் 95 எடுத்த பிள்ளை காலாண்டில் இயற்பியலில் 30-க்குத் தடுமாறுவதன் முக்கியக் காரணம் இந்த இடைவெளி. சோம்பேறித்தனம் என்று திட்டுவதில் பயனில்லை. நீட்டிலும் 180 கேள்விகளில் 45 இயற்பியல். கணிதத்துக்குப் பயந்து ப்யூர் சயின்ஸ் போகிறவர் அந்த 45-இல் மாட்டிக்கொள்கிறார்.

பத்தாம் வகுப்பு அறிவியல் மதிப்பெண்ணை வைத்து இதை முன்கூட்டிக் கணிக்க முடியாது. அதில் 25 செய்முறைக்கு, மீதி 75-ஐ இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. அதற்குப் பதிலாக வீட்டிலேயே அரை மணி நேரத்தில் ஒரு சோதனை வையுங்கள். புத்தகம் மூடியிருக்கட்டும். 6x² − x − 2 என்பதைக் காரணிப்படுத்தச் சொல்லுங்கள். 30, 45, 60 பாகைகளுக்கு சைன், காஸ், டேன் மதிப்புகளை எழுதச் சொல்லுங்கள். v² = u² + 2as என்ற சமன்பாட்டில் s-ஐத் தனியே கொண்டுவரச் சொல்லுங்கள். 10-இன் அடுக்கு மைனஸ் 3-ஐ 10-இன் அடுக்கு 8-ஆல் பெருக்கினால் என்ன? y = 2x + 1-க்கு வரைபடம் எங்கே y அச்சை வெட்டும்? ஐந்தில் நான்கு சரியாக வந்தால் எந்த அறிவியல் குரூப்பும் தாங்கும். இரண்டுக்குக் கீழே வந்தால் குரூப்பை மாற்ற வேண்டும் என்பதில்லை. மே மாதம் முழுவதும் தினம் ஒரு மணி நேரம் இவற்றையே போட்டுப் பழக வேண்டும், வகைக்கெழுவின் அடிப்படைச் சூத்திரங்கள் ஐந்தாறையும் சேர்த்து. பள்ளி திறப்பதற்கு முன் பன்னிரண்டாம் வகுப்பு நோட்ஸ் வாங்கிப் புரட்டுவதைவிட இது பல மடங்கு மேல்.

கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப் எல்லாவற்றையும் திறந்து வைக்கிறது, அதற்கு விலை நேரம். உயிரியலுக்கு உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்று இரண்டு தனிப் புத்தகங்கள், தேர்வில் தலா 35. இரண்டு ரெக்கார்டு நோட்டு, நிறையப் படங்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று எடுத்துவிட்டு நீட், ஜே.இ.இ. (ஐ.ஐ.டி. போன்ற பொறியியல் நிறுவனங்களுக்கான நுழைவுத் தேர்வு) இரண்டுக்கும் பயிற்சி வகுப்பு சேர்ப்பதைத் தவிருங்கள். நீட் நினைவாற்றலையும் வேகத்தையும் கேட்கும்: 180 நிமிடத்தில் 180 கேள்வி. ஜே.இ.இ. மெயின் மூன்று மணி நேரத்தில் 75 கேள்விதான், ஒவ்வொன்றும் பல படிகள் போகும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பழகும் பிள்ளைகள் மிகச் சிலரே. ஆனால் அறிவியல் ஆய்வில் ஈடுபாடுள்ள மாணவருக்கு இந்தக் குரூப்பை நாங்கள் தயங்காமல் சொல்வோம். திருப்பதி, திருவனந்தபுரம் உள்ளிட்ட ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி) நிறுவனங்களுக்கான நுழைவுத் தேர்வில் 60 கேள்விகள். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் தலா 15. நான்கையும் பள்ளியிலேயே படித்தவருக்கு அது எவ்வளவு சாதகம் என்று சொல்லத் தேவையில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் தன் நான்காண்டுப் பட்டப்படிப்புக்கு இந்தத் தேர்வின் மதிப்பெண்ணை ஏற்கிறது.

குரூப்பைவிடப் பெரிய தவறு பள்ளி மாற்றுவதில் நடக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, நீட் பயிற்சி தருகிறார்கள் என்று பதினொன்றாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். டி.சி. வாங்கும் அந்த நாளோடு மருத்துவத்திலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவருக்கு உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு போய்விடுகிறது. அந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. தனியார் பள்ளியின் இரண்டு ஆண்டுக் கட்டணத்தோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பயிற்று மொழியும் அப்படித்தான். தமிழ்வழியில் படித்தவர் பதினொன்றில் ஆங்கில வழிக்கு மாறினால் 'முடுக்கம்', 'உந்தம்', 'இணைதிறன்' எல்லாவற்றுக்கும் புதுப் பெயர் கற்க இரண்டு மூன்று மாதம் போகும். அது சமாளிக்கக்கூடியதுதான். தமிழ்வழியில் படித்தோருக்கு மாநில அரசுப் பணிகளில் உள்ள 20 சதவீத முன்னுரிமையோ, பட்டப்படிப்புத் தகுதி கேட்கும் பணிகளுக்குப் பள்ளி முதல் பட்டம் வரை தமிழ்வழியையே கேட்கிறது. இடையில் மாறினால் அது திரும்பாது. மறுபுறம், நீட்டும் ஜே.இ.இ. மெயினும் தமிழில் எழுதலாம், ஐ.ஐ.டி.களுக்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. எது முக்கியம் என்பதை அந்தந்தக் குடும்பம்தான் சொல்ல வேண்டும்.

சி.பி.எஸ்.இ. மாணவர்கள் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: மேத்தமேட்டிக்ஸ் வேறு, அப்ளைடு மேத்தமேட்டிக்ஸ் வேறு. இரண்டாவது வணிகவியல், சமூக அறிவியல் பக்கம் போகிறவர்களுக்காக வகுக்கப்பட்டது. பொறியியல் எண்ணம் சிறிதாவது இருந்தால் எளிது என்று அதன் பக்கம் போகாதீர்கள்.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டிலிருந்து ரத்தாகியிருக்கிறது. இதனால் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டுப் பன்னிரண்டை முன்கூட்டியே தொடங்கும் பள்ளிகள் இருக்கும். சேர்க்கையின்போதே இதைக் கேளுங்கள். விசையும் வெப்பமும் அலைகளும் வேதிப்பிணைப்பும் பதினொன்றில்தான் இருக்கின்றன. நீட்டும் ஜே.இ.இ.யும் இரு ஆண்டுப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன. ஆய்வகத்தையும் நேரில் பாருங்கள். இயற்பியல், வேதியியலில் செய்முறைக்கு 20 மதிப்பெண் இருப்பதால் எல்லாப் பள்ளியிலும் மதிப்பெண் வந்துவிடும், ஆனால் பியூரெட்டைப் பிடித்துப் பழகாமலே வருகிற பிள்ளை கல்லூரியில் முதல் மாதமே திணறும்.

தவறான குரூப்பில் சேர்ந்துவிட்டால் ஜூன், ஜூலைக்குள் தலைமையாசிரியரைப் பார்த்து மாற்றக் கேளுங்கள். காலாண்டுக்குப் பிறகு கேட்டால் விட்டுப்போன பாடம் மலைபோல் இருக்கும். பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் அறிவித்தது. ஆகவே கணினி அறிவியல் மாணவருக்கு அந்த வழி முற்றாக அடைபடவில்லை, ஓராண்டு தள்ளிப்போகும்.

அறிவியல் குரூப் கிடைக்காத பிள்ளைக்கு, அல்லது கையால் செய்து பார்ப்பதில்தான் நாட்டம் உள்ள பிள்ளைக்கு, பாலிடெக்னிக்கைச் சொல்லத் தயங்காதீர்கள். பத்து முடித்ததும் மூன்று ஆண்டு டிப்ளமோ, பிறகு நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு, மூன்று ஆண்டு படிப்பு. மொத்தம் ஆறு ஆண்டு. பிளஸ் டூ படித்து பி.இ. முடிப்பவருக்கும் அதே ஆறு ஆண்டுதான். அப்படி வருபவர்கள் பி.இ.யில் வழுக்குவது பெரும்பாலும் மூன்றாம் செமஸ்டர் கணிதத் தாளில். டிப்ளமோ இறுதியாண்டு விடுமுறையில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு நுண்கணிதப் பாடங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அதையும் தாண்டிவிடலாம்.