ட்ரோவல்: கரண்டியா, சட்டுவமா?

சுவருக்குச் சாந்து பூசும் கருவி வேண்டி இணையக் கடையில் ‘பிளாஸ்டரிங் ட்ரோவல்’ என்று தேடினால் இரண்டு வகைக் கருவிகள் கலந்து வரும். ஒன்று, இலை போல நுனி கூம்பிய கொத்தனார் கரண்டி. மற்றது, முதுகில் கைப்பிடி வைத்த நீள்சதுர எஃகுத் தகடு. அந்தத் தகட்டிலும் ‘ஃபிளாட்’, ‘கர்வ்டு’ என்று இரண்டு உண்டு. ஆங்கிலத்தில் அத்தனைக்கும் ட்ரோவல் என்று ஒரே பெயர். நாமும் எல்லாவற்றையும் கரண்டி என்று சொல்லிவிட்டால், கடைக்குப் போகிறவர் வேறு சாமானை வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்.

ட்ரோவல் அடுப்படியில் பிறந்த சொல். லத்தீனில் ‘ட்ருவா’ என்றால் துழாவும் அகப்பை. அதில் சிறியது ‘ட்ருல்லா’. அது பிற்கால லத்தீனில் ‘ட்ருவெல்லா’ ஆகி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. சாந்தை அள்ளும் கருவிக்குக் குழம்பை அள்ளும் கருவியின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

தமிழும் தனியாக அதையேதான் செய்திருக்கிறது. நம் கொத்தனார் கையில் இருப்பது கரண்டி. இலங்கைத் தமிழில் அதற்குச் சாந்தகப்பை என்ற அருமையான பெயர் இருக்கிறது. சாந்துக்கான அகப்பை, அவ்வளவுதான். அகராதிகளில் கரணை என்ற சொல்லும் இதே கருவிக்கு உண்டு. ஆனால் இன்று கரணை என்றதும் பெரும்பாலானவர்களுக்குக் கரும்பு நடும் துண்டுதான் நினைவுக்கு வரும். அதனால் அதை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவருவது கடினம்.

சரி, கரண்டி இருக்கிறது. அந்தத் தட்டையான தகட்டுக்கு என்ன பெயர்? இதற்கும் அடுப்படியிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். குழம்பை அள்ளுவது கரண்டி, தோசையைத் திருப்புவது சட்டுவம். பல வீடுகளில் இப்போது தோசைக் கரண்டி என்கிறார்கள், ஆனாலும் சட்டுவம் இன்னும் சாகவில்லை. இலங்கையில் அதுவே தட்டகப்பை. குழிந்ததற்கு ஒரு பெயர், தட்டையானதற்கு ஒரு பெயர் என்று தமிழ் எப்போதோ பிரித்துவிட்டது.

சுவரிலும் வேலை அப்படித்தான் பிரிகிறது. கரண்டியால் சாந்தை அள்ளி வீசி அடிப்பார்கள். மட்டப்பலகையால் இழுத்துச் சமன் செய்வார்கள். மணியாசுக்கட்டை என்ற, கைப்பிடி வைத்த தேய்ப்புப் பலகையால் வட்டமாகத் தேய்ப்பார்கள். பிறகு வழவழப்பு வேண்டுமென்றால் எஃகுத் தகட்டால் இழுப்பார்கள். இந்தக் கடைசிக் கருவியைப் பூச்சுச் சட்டுவம் என்று அழைக்கலாம் என்பது என் பரிந்துரை. கேட்ட மாத்திரத்தில் உருவம் மனதுக்கு வந்துவிடும்.

அடுத்து ஃபிளாட், கர்வ்டு. தட்டை, வளைவு என்று நேராக மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும். வளைந்த கரண்டி என்று கேட்டதும் யாரும் குழிக்கரண்டியைத்தான் நினைப்பார்கள். இங்கே வளைவு மிகக் குறைவு. நீள விளிம்பின் நடுப்பகுதி சில மில்லிமீட்டர் மட்டும் மேலே எழும்பியிருக்கும். தூர நின்று பார்த்தால் தெரியாது. கண்ணாடிப் பலகையில் விளிம்பை நிறுத்திப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் கசியும். வில்லின் வளைவு போல இருப்பதால் வில் சட்டுவம், மற்றதை நேர்ச் சட்டுவம் எனலாம்.

வில் சட்டுவம் சிமெண்டுச் சுவருக்காக வந்ததல்ல. அமெரிக்க வீடுகளில் உள்சுவர் பெரும்பாலும் ஜிப்சம் பலகை. இரண்டு பலகை சேரும் இடத்தில் காகித நாடாவை ஒட்டி, மேலே பசைக்கலவை பூசுவார்கள். அந்தக் கலவை காயும்போது சுருங்கும். நேர் விளிம்பால் இழுத்திருந்தால் நடுவில் பள்ளம் விழும், நாடா தெரியும். வில் விளிம்போ நடுவில் மெல்லிய மேடு விட்டு, இரு ஓரமும் சுவரோடு கரையும்படி இழுக்கும். காய்ந்ததும் மூட்டு கண்ணுக்குத் தெரியாது.

அதே வில்லை நம் சிமெண்டுப் பூச்சிலோ ஜிப்சம் பூச்சிலோ இழுத்தால், ஒவ்வொரு இழுப்பும் ஒரு மேட்டை விட்டுப் போகும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் சுவர் அலை அலையாகத் தெரியும். முழுச் சுவருக்கு நேர்ச் சட்டுவமே சரி. புதிதாக வாங்கியதன் மூலைகள் கூராக இருந்து கோடு போடும். உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அப்புறம், இரு முனையும் அரைவட்டமாக இருக்கும் இன்னொன்று உண்டு. நீச்சல் குளத்தின் குழிந்த பரப்புக்காக வந்தது. மூலை இல்லாததால் கோடு விழாது. இதையும் சிலர் ‘கர்வ்டு’ என்றே விற்கிறார்கள். இதில் வளைவது முனை மட்டும், விளிம்பு நேர்தான். இதை வட்டமுனைச் சட்டுவம் என்று தனியாகச் சொல்லிக் கேட்டு வாங்குவது நல்லது.