மின்கார்ப் பற்றரியை வீட்டுக்கு வாங்குமுன் அளந்து பாருங்கள்

கார் ஓடப் போதாத பற்றரி வீட்டுக்குத் தாராளமாகப் போதும். முதல் தலைமுறை நிசான் லீஃப் காரின் 24 கிலோவாட் மணி பற்றரிக்குள் 48 மொடியூல்கள், அதாவது மின்கலங்கள் அடங்கிய சிறு பெட்டிகள், இருக்கின்றன. ஒவ்வொன்றும் தடித்த பேரேடு அளவு, எடை நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கொள்ளளவு 70 சதவீதத்துக்கு இறங்கிய 14 மொடியூல்கள் ஏறக்குறைய 5 கிலோவாட் மணியைச் சேமிக்கும். ஒரு குளிர்சாதனப் பெட்டி, இரண்டு மின்விசிறி, சில விளக்குகள் இரவு முழுவதும் ஓடும். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலார்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டது நினைவிருக்கும். சேமிக்க வழியில்லாத வெயில் அப்படித்தான் வீணாகிறது.

கல்லடியிலும் கல்முனையிலும் இதைப் பற்றிப் பலர் விசாரிப்பது எனக்கு மகிழ்ச்சியே. கவலை, வாங்கும் விதத்தில்தான். மீட்டரில் 7.6 வோல்ட் காட்டிவிட்டால் நல்ல பற்றரி என்று விற்றுவிடுகிறார்கள். வோல்ட் மட்டும் பார்த்துப் பயனில்லை. மொடியூலை முழுமையாகச் சார்ஜ் செய்து, ஒரே அளவு சுமை கொடுத்து மின்னை இறக்கி, எத்தனை அம்பியர் மணி தருகிறது என்று பார்க்க வேண்டும். புதிதில் 65 தந்தது இப்போது 45 தந்தால் எடுக்கலாம். பிறகு சில நாள் சும்மா வைத்து, மற்றவற்றைவிட வேகமாக வோல்ட் இறங்குவதை ஒதுக்கிவிடுங்கள். பலவீனமான ஒன்று சேர்ந்தாலும் முழு வரிசையும் அதன் மட்டத்துக்கே இறங்கிவிடும். மேலுறை உப்பியது இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இன்வர்ட்டரை ஈய அமிலப் பற்றரிக்கான அமைப்பிலேயே விட்டுவிடுவது இதைவிட ஆபத்து. அது சில வேளை 60 வோல்ட்டையும் தாண்டி ஏற்றும். 14 மொடியூல்களை ஏழு ஏழாக இரண்டு தொடர்களாக இணைப்போம்; ஏழு மொடியூல் தொடருக்கு 58.8 வோல்ட்தான் உச்ச எல்லை. நான் 57க்கு மேல் ஏற விடுவதில்லை. ஒவ்வொரு கலத்தையும் கண்காணித்துத் துண்டிக்கும் பாதுகாப்புப் பலகை இல்லாமல் யார் கேட்டாலும் நான் பொருத்திக் கொடுப்பதும் இல்லை. முழுப் பற்றரியை நீங்களே திறக்க வேண்டாம். அதில் 400 வோல்ட் அளவில் நேரோட்டம் இருக்கிறது, உயிரைப் பறித்துவிடும்.

தகரக் கூரையின் கீழும் சமையலறை ஓரத்திலும் வைக்காதீர்கள். சூடு கொள்ளளவைத் தின்னும். மார்கழி வெள்ளம் எட்டாத உயரத்தில் தாங்கி அமைத்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். கடலோர வீடுகளில் உப்புக் காற்று செப்பு இணைப்புகளில் பச்சை பிடிக்க வைக்கும். அங்கே இணைப்பு சூடேறும். மாரிக்கு முன்பு ஒருமுறை மின்னைத் துண்டித்து, துடைத்து இறுக்கச் சொல்லுங்கள்.

தீர்ந்துபோன மொடியூலைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். அலுமினியத்துக்காகச் சுத்தியலால் உடைத்தால் உள்ளேயே தீப்பிடித்து நச்சு வாயு கிளம்பும். அதிலுள்ள லிதியம், நிக்கல், மங்கனீசு ஆகியவற்றை உரிய ஆலையில் மீட்டெடுக்கலாம். முனைகளுக்கு ஒட்டுநாடா சுற்றி, மணல் போட்ட பெட்டியில் தனியே வைத்து, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படையுங்கள்.