சொல் விளக்கம்: தூண்டு பால்சுரப்பு

கருவுறாத ஒருவரின் மார்பில் பால் சுரக்க வைக்கும் மருத்துவத்துக்கு ‘இன்டியூஸ்டு லாக்டேஷன்’ என்று பெயர். பிள்ளையைத் தத்தெடுத்தவர்களும் வாடகைத் தாய் மூலம் பெற்றவர்களும் நாடிவந்த இதை இப்போது திருநங்கைகளும் கேட்கிறார்கள். தமிழில் எழுதும்போது ‘செயற்கைப் பால்சுரப்பு’ என்று சட்டென்று வந்துவிடும். அது தப்பான சொல். ஊறும் பாலில் செயற்கை எதுவும் இல்லை.

லத்தீனில் ‘லாக்’ என்றால் பால். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸின் பெயர் அதன் வழி வந்ததுதான். பாலைச் சுரக்க வைக்கும் இயக்குநீரான (ஹார்மோன்) புரோலாக்டினிலும் அதே வேர் இருக்கிறது. 1930களில் அமெரிக்க உயிரியலாளர் ஆஸ்கர் ரிடில் குழுவினர் அந்தப் பெயரை வைத்தது புறாக்களை ஆராய்ந்தபோது. புறா தன் குஞ்சுக்கு ஊட்டும் ‘பால்’ அதன் தொண்டைப் பையில் ஊறுவது; பெண் புறாவுக்கு மட்டுமல்ல, ஆண் புறாவுக்கும்தான். இந்தச் சொல்லின் பிறப்பிலேயே இப்படி ஒரு செய்தி இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

‘சுரப்பு’ நம்மிடம் தயாராக இருக்கிறது. சுனையில் நீர் சுரக்கும், நெஞ்சில் அருள் சுரக்கும், மார்பில் பால் சுரக்கும். உள்ளே இருப்பது வெளியே கசிந்து வருவதுதான் சுரத்தல்.

அப்புறம் ‘இன்டியூஸ்’. லத்தீனில் ‘உள்ளே நடத்திச் செல்’ என்று பொருள். தமிழில் ‘தூண்டு’. அகல் விளக்கு மங்கும்போது சின்னக் குச்சியால் திரியை மேலே தள்ளுவதுதான் தூண்டுதல். அந்தக் குச்சி தூண்டுகோல். எண்ணெயும் திரியும் விளக்கிலேயே இருக்கின்றன. குச்சி சுடரைக் கொண்டுவருவதில்லை, இருப்பதை எழுப்புகிறது.

சிகிச்சையும் அப்படித்தான். பெண் இயக்குநீரான ஈஸ்ட்ரோஜன் எடுத்துவரும் திருநங்கையின் மார்பில் பால் சுரப்பிகள் ஏற்கெனவே வளர்ந்திருக்கும். கர்ப்ப காலத்தைப் போல ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்ட்டிரோனையும் கூட்டி, பிறகு பேறு முடிந்தாற்போலக் குறைக்கிறார்கள். புரோலாக்டினை உயர்த்த டொம்பெரிடோன் தருவதுண்டு. அது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடியது. அமெரிக்காவில் அனுமதி பெறாத மருந்து. மருத்துவர் கண்காணிப்பில்லாமல் தொடவே கூடாது. இவற்றோடு பம்ப் வைத்துத் தினமும் பலமுறை மார்பைத் தூண்ட வேண்டும்.

2018இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட அறிக்கையில் 30 வயதுத் திருநங்கை ஒருவரைப் பற்றிச் சொல்கிறார்கள். கருவுற்றிருந்த இணையருக்குப் பாலூட்ட விருப்பமில்லை. இவர் ஊட்ட விரும்பினார். குழந்தை பிறப்பதற்கு முன்பே நாளுக்கு 8 அவுன்ஸ், ஏறக்குறைய 240 மில்லிலிட்டர் பால் வந்தது. முதல் 6 வாரம் குழந்தைக்கு அவர் பால் மட்டுமே உணவு.

எல்லோருக்கும் அவ்வளவு சுரக்காது. அப்போது, புட்டிப் பாலிலிருந்து வரும் மெல்லிய குழாயின் நுனியை முலைக்காம்போடு ஒட்டிவிடுவார்கள். குழந்தை சப்பும்போது குழாய்ப் பாலும் மார்பின் பாலும் சேர்ந்தே வாய்க்குள் போகும். அந்தச் சப்பலே இன்னும் பாலை ஊற வைக்கும். பிள்ளையின் எடை சரியாக ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுக்க ஒரு பாலூட்டல் ஆலோசகர் பக்கத்தில் இருப்பது மருந்தளவுக்கே முக்கியம்.

எனவே ‘தூண்டு பால்சுரப்பு’ என்றே எழுதுங்கள். ‘ஊறுகாய்’ போல இது வினைத்தொகை, நடுவில் ‘ப்’ போட வேண்டாம். தூண்டிய, தூண்டுகிற, தூண்டும் என்று மூன்று காலமும் இதற்குள் அடங்கும். பால் நிற்காமலிருக்க நாள்தோறும் தூண்டிக்கொண்டே இருக்க வேண்டிய வேலைக்கு அது பொருத்தமும்கூட. அந்தப் பாலுக்குத் தனிப்பெயர் வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். ஊட்டுகிறவர் அம்மா, அது தாய்ப்பால்.