டேபிள் பெயரில் ஒரு இடைவெளி போதும்

ஒரே அமைப்பில் முப்பது நாற்பது டேபிள்கள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குவெரி, அதாவது டேட்டாபேஸுக்கான கட்டளை, எழுத யாருக்கும் மனம் வராது. டேபிள் பெயரை வெளியிலிருந்து வாங்கி, ஸ்ட்ரிங்கில் ஒட்டி ஓட்டிவிடுவோம். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன், ஒரு வாடிக்கையாளரின் போஸ்ட்கிரெஸ் (ஒரு டேட்டாபேஸ் மென்பொருள்) சர்வரில் அது நடக்கும் வரை.

பழைய பதிவுகளை நீக்கும் ஃபங்ஷன் அது. அங்கே 'சேல்ஸ்' என்பது நடப்பு டேபிள். 'சேல்ஸ் பேக்கப்' என்று, நடுவில் இடைவெளி விட்டு, யாரோ இன்னொன்றும் உருவாக்கி வைத்திருந்தார்கள். பேக்கப்பைச் சுத்தம் செய்ய அந்தப் பெயரைக் கொடுத்தோம். ஒட்டி முடித்த கட்டளை 'டெலீட் ஃப்ரம் சேல்ஸ் பேக்கப்' என்று ஆனது. பெயரைச் சுற்றி இரட்டை மேற்கோள் இல்லை. அதனால் போஸ்ட்கிரெஸ் 'பேக்கப்' என்பதை 'சேல்ஸ்' டேபிளின் மாற்றுப்பெயர், அதாவது அலியாஸ், என்று எடுத்துக்கொண்டது. எரரே வரவில்லை. நடப்பு டேபிளில் இருந்த பழைய கணக்கு அத்தனையும் போய்விட்டது. முந்தைய நாள் எடுத்து வைத்த டம்ப்பிலிருந்து (டேட்டாபேஸின் நகல்) மீட்டெடுக்க ஒரு இரவு முழுக்கப் பிடித்தது.

எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன், அதாவது வெளியிலிருந்து வரும் எழுத்து கட்டளையின் பொருளையே மாற்றிவிடுவது, என்றாலே ஹேக்கர்தான் நம் நினைவுக்கு வருகிறார். இங்கே யாரும் தாக்கவில்லை, ஒரு இடைவெளிதான் காரணம்.

சரி, பெயரையும் பாராமீட்டராக, அதாவது கட்டளையில் ஒட்டாமல் தனியாக, அனுப்பினால் என்ன? முடியாது. பாராமீட்டரில் மதிப்புகள்தான் போகும். எந்த டேபிள், அதில் என்னென்ன நெடுவரிசைகள் என்று தெரிந்தால்தான் கட்டளையை எப்படி ஓட்டுவது என்று டேட்டாபேஸால் திட்டம் போட முடியும்.

இப்போது நான் பெயருக்கு ஃபார்மேட் ஃபங்ஷனில் சதவீதக் குறியும் பெரிய 'ஐ' எழுத்தும் போடுகிறேன். தேவையான இடத்தில் மேற்கோளை அதுவே போட்டுவிடும். தேதி போன்ற மதிப்புகளை எக்ஸிக்யூட் கட்டளையோடு யூசிங் என்ற சொல் மூலம் தனியாக அனுப்புகிறேன். ஸ்கீமாவும் (டேபிள்களைத் தொகுத்து வைக்கும் பிரிவின் பெயர்) இருந்தால் இரண்டு 'ஐ' வேண்டும். புள்ளியோடு சேர்த்து ஒன்றாகக் கொடுத்தால் அதையும் ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் இதே வேலைக்குக் குவோட்நேம் (QUOTENAME) ஃபங்ஷன் இருக்கிறது.

ஆனால் மேற்கோள் போட்டால் மட்டும் போதாது. சம்பள டேபிளின் பெயரை யாராவது கொடுத்தால், அதையும் ஒழுங்காக மேற்கோளிட்டு அழித்துவிடும்! அதனால் அனுமதித்த பெயர்களைத் தனி டேபிளில் வைத்து, ஃபங்ஷன் முதலில் அங்கே பார்க்கும்படி செய்தோம்.

அப்புறம்தான் உறைத்தது: அந்த வாடிக்கையாளரிடம் இருந்தவற்றில் பெரும்பாலானவை மாதத்துக்கு ஒன்றாகப் பிரித்த டேபிள்கள். 2017-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 10-லேயே பார்ட்டிஷனிங், அதாவது ஒரே டேபிளை உள்ளுக்குள் துண்டுகளாகப் பிரித்து வைக்கும் வசதி, நேரடியாக உண்டு. அவற்றை ஒரே டேபிளின் பார்ட்டிஷன்களாக மாற்றினோம். குவெரிகளில் இப்போது ஒரே பெயர்தான்.